சாரணர் குழுவில் மூத்தவர்களுக்குள் தகராறு: புதிதாக வந்த தன்னார்வலர் யார் பக்கம் நிற்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தண்டையார்பேட்டையில் எந்தப் பள்ளியையும் சேராத திறந்த சாரணர் குழு ஒன்றில் உதவிச் சாரண ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். அங்கே மூத்தவர்கள் மூவர். பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் பையன்கள் எப்படியாவது ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதை வாங்கிவிட வேண்டும் என்பது ஒருவர் கட்சி. ஞாயிறுதோறும் சேவை, அதுவும் ஊர் கண்ணில் படுகிற சேவை வேண்டும் என்பது இன்னொருவர் கட்சி. மூன்றாமவர், இரண்டு பெரியவர்கள் இல்லாமல் பையன்களை எங்கும் கூட்டிப்போகக் கூடாது என்று சொல்லி மற்ற இருவரின் திட்டங்களையும் நிறுத்திவைக்கிறார். மூவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பெரம்பூர்ப் பக்கம் நெடுங்காலம் சாரண ஆசிரியராக இருந்தவன். தலைவர்களுக்கான பயிற்சி முகாம்களில் பாடமும் எடுத்திருக்கிறேன். பழகியதெல்லாம் பையன்கள் பிரிவோடுதான். சாரணியர் பிரிவைப் பற்றி அங்குள்ள தலைவியரைக் கேளுங்கள். நான் வழக்கறிஞரும் அல்ல; கீழே வரும் சட்ட விவரங்கள் ஒரு தன்னார்வலர் அறிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டுமே. இன்னொன்று, மூத்தவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று மனம் தளர வேண்டாம். இந்தியாவில் இந்த இயக்கமே சண்டையோடு வளர்ந்ததுதான். இந்தியப் பையன்களைச் சேர்த்துக்கொள்ள அன்றைய அமைப்பு தயங்கியதால் 1916-ல் இதே சென்னையில் அன்னி பெசன்ட் தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது மூல அமைப்போடு இணைந்தது. அப்புறமும் பிரிந்தார்கள், கூடினார்கள். 1950 நவம்பர் 7 அன்றுதான் பாரத சாரணர் இயக்கம் என்று ஒரே குடையின்கீழ் வந்தார்கள்.

மூன்றாமவரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் விஷயத்தில் எனக்கு ஐயமே இல்லை. ஒரு பையனோடு ஒரு பெரியவர் தனித்திருக்கக் கூடாது. வெளியே கிளம்பினால் குறைந்தது இரண்டு பெரியவர்கள் கூட இருக்க வேண்டும். "நம் குழுவில் எல்லோரும் தெரிந்தவர்கள், குடும்பம் மாதிரிப் பழகுகிறோம், எதற்கு இந்தக் கெடுபிடி?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது எதனால் என்று அவர்களைத் திருப்பிக் கேளுங்கள். சிறுவயதில் சாரணர் குழுவில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000-க்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கோரினார்கள். 246 கோடி டாலர் அளவுக்கு இழப்பீட்டுத் திட்டம் போட வேண்டிவந்தது. அங்கேயும் பெற்றோர்கள் தெரிந்த முகம் என்று நம்பித்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள். உலகச் சாரணர் அமைப்பு இன்று எல்லா நாடுகளிலும் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகிறது. தலைவரானவர் அதை முதலில் முடிக்க வேண்டும், கயிறு முடிச்செல்லாம் பிறகு.

சட்டம் இன்னும் கறார். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவர்மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலோ, தெரிந்தவர் யாராக இருந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். நடந்ததைத் தெரிவிக்காமல் மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை. தன்கீழ் இருப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டுவரை. "குழுவின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்ற வழக்கமான சமாதானத்துக்கு இதில் இடமே கிடையாது. 1098 என்ற சிறார் உதவி எண்ணைப் பையன்களின் பதிவேட்டில் முதல் பக்கத்தில் எழுதவையுங்கள். பெரியவர்கள் மறந்தாலும் அவர்களிடம் இருக்கும்.

நடைமுறையில் இது எப்படி வரும் என்றால், ஞாயிறு காலை மைதானத்துக்கு நீங்கள் மட்டும் வந்திருக்கிறீர்கள், இன்னொருவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது. அன்றைக்கு வெளியே போகும் திட்டம் ரத்து. நாலு பேர் பார்க்கிற திறந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் விளையாட்டு வைத்து, எல்லோரையும் ஒன்றாக அனுப்பிவிடலாம். கடைசியாக நிற்கும் பையனை உங்கள் பைக்கில் ஏற்றி வீட்டில் விடுவது நல்லெண்ணம்தான். ஆனாலும் கூடாது, அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, அவர் வரும்வரை அவனோடு டீக்கடை வாசலில் நில்லுங்கள். பையனுக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பாதீர்கள், பெற்றோரும் இருக்கும் குழுவில் போடுங்கள். முகாமில் பெரியவர்களுக்குத் தனிக் கூடாரம். பதினெட்டைத் தாண்டிய ரோவர் (சாரணருக்கு அடுத்த இளைஞர் பிரிவில் இருப்பவர்) ஒருவரை இரண்டாவது பெரியவராகக் கணக்கில் எடுக்கலாமா என்பது விவாதத்துக்குரியது. பகல்நேர நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொள்வேன், இரவுத் தங்கலுக்கு எடுத்துக்கொள்ள மாட்டேன். இது என் கருத்துதான்.

நம் பகுதிக்கென்று தனியாக ஒன்று உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கரையோரம் தூண்டில் வளைவுகள், அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள், கட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களை ஒட்டிய இடங்களில் நீர் ஆளைக் கடலுக்குள் இழுக்கும். மேலே பார்த்தால் அலை அடங்கி, குளிக்க ஏற்ற இடம் போலவே தோன்றும். காசிமேட்டுப் பையன்களுக்கு இது தெரியும். வியாசர்பாடியிலிருந்து வரும் பையனுக்குத் தெரியாது. கடலில் இறங்கும் நிகழ்ச்சியே வேண்டாம் என்பது என் கண்டிப்பு. நீச்சல் கற்பிக்க வேண்டுமானால் உயிர்காப்பாளர் இருக்கும் குளத்துக்குப் போங்கள். அங்கேயும் பேடன் பவல் காலத்து விதி ஒன்று இன்றும் நல்ல விதிதான்: நன்றாக நீந்தத் தெரிந்த இருவர் குளிக்காமல் கரையில் நின்று, தண்ணீரில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படகுச் சவாரி என்று யாராவது ஆசை காட்டினால் 2024 ஜனவரியில் வதோதரா ஏரியில் நடந்ததை நினைவுபடுத்துங்கள். பள்ளிச் சுற்றுலா போன 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். பலருக்கு உயிர்காப்பு அங்கியே கொடுக்கப்படவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு மூன்றாமவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விதியைச் சொல்வதோடு அவர் வேலை முடியவில்லை. இரண்டாவது பெரியவரைத் தேடிப் பிடிப்பதும் அவர் பொறுப்புதான். ஒவ்வொரு மாதமும் எந்தப் பெற்றோர் எந்த ஞாயிறு வருவார் என்று ஒரு பட்டியல் போட்டு ஒட்டினால் பாதித் தகராறு அடங்கிவிடும். பையன் கத்தி பிடித்துக் காய் நறுக்குவதையும், அடுப்பு மூட்டுவதையும், பழவேற்காடு வெயிலில் நடப்பதையும் ஆபத்து என்று தடுத்தால் அப்புறம் சாரணியத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? விரலில் கீறல் விழலாம். அதற்குத்தான் முதலுதவிப் பெட்டி இருக்கிறது. ஆறாத காயமும் உயிரிழப்பும் வரக்கூடிய இடங்களில்தான் விதிக்கு வளைவே கிடையாது.

அடுத்து சேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் கையாலும் குவளையாலும் அதை அள்ளிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வாரம் பல குழுக்களில் பெரிய பையன்கள் "நாங்களும் போகிறோம்" என்று நின்றார்கள். அந்த எண்ணம் உயர்ந்தது, அனுமதிப்பது தவறு. கச்சா எண்ணெய் தோலிலும் மூச்சிலும் செய்யும் வேலை அன்று மாலையே தெரிந்துவிடாது. முறையான கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் பெரியவர்களே இறங்கக் கூடாத இடம் அது. வெள்ள நீரும் அப்படித்தான். புளியந்தோப்பில் முட்டியளவு தண்ணீரில் இறங்கி உணவுப் பொட்டலம் கொடுப்பது படத்துக்கு அழகாக இருக்கும். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், மூடி இல்லாத பாதாளச் சாக்கடை இருக்கலாம், அறுந்து விழுந்த மின்கம்பி இருக்கலாம். பையன்கள் நிவாரண மையத்தில் பொட்டலம் கட்டட்டும், யார் வீட்டில் இன்சுலின் தீர்ந்துவிட்டது என்று பட்டியல் எடுக்கட்டும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கம் "துப்புரவு முகாம்" என்று யாராவது சொன்னால் கேள்வியே இல்லாமல் மறுத்துவிடுங்கள்.

உங்கள் இரண்டாமவர்மீது எனக்குள்ள குறை வேறு. சேவையைத் தேர்ந்தெடுப்பது யார்? பெரும்பாலான குழுக்களில் பெரியவர் ஒரு யோசனையோடு வருவார், பேனர் அடித்துவிடுவார், பையன்கள் வரிசையில் நின்று துடைப்பம் பிடிப்பார்கள். படம் எடுத்தாயிற்று, கேக்கும் சமோசாவும் ஆயிற்று, வேலை முடிந்தது. அடுத்த வாரம் அதே இடத்தில் அதே குப்பை. அணித் தலைவர்கள் கூடும் கூட்டத்தில் "நம் தெருவில் யாருக்கு என்ன சிரமம்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும். பிறகு ஒருவன் ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாத பாட்டியைப் பற்றிச் சொல்வான், இன்னொருவன் அங்கன்வாடிச் சுவரைப் பற்றிச் சொல்வான். அப்படி வந்ததைப் பையன்கள் பாதியில் விட்டுவிடுவது அபூர்வம்.

வடசென்னைக்கே உரிய ஒரு திட்டத்தைச் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பரவிய அதே 2023 டிசம்பரில், 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்து, மூச்சுத்திணறலோடு பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தூக்கத்திலிருந்து எழுந்தவர்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. மணலி, எண்ணூர்ப் பட்டையில் வாழும் பையனுக்கு இது பாடப்புத்தகச் செய்தி அல்ல. அமோனியா நீரில் எளிதில் கரையும், ஆகவே மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொண்டால் ஓரளவு தாங்கலாம். கழுத்து ஸ்கார்ஃபை நனைத்தாலே போதும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து, வாயு போகும் பாதையிலிருந்து குறுக்காக விலக வேண்டும். ஒவ்வோர் அணியும் தன் தெருவை வரைந்து, தனியாக இருக்கும் முதியவர், நடக்க முடியாதவர், கைக்குழந்தை உள்ள வீடுகளைக் குறித்து, காற்று இந்தப் பக்கம் என்றால் அந்தச் சந்து என்று இரண்டு வழிகளைப் போட்டுவைக்கட்டும். தெருப் பெரியவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கட்டும். அந்த வீட்டுப் பட்டியல் மட்டும் குழுவிடமே இருக்கட்டும், யார் கைக்கும் போகக் கூடாது. வரைபடம், திசைகாட்டி, முதலுதவி எல்லாம் சாரணர் ஏறும் படிகளான சோபான்களின் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருப்பவைதான். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையிலான சண்டையில் பாதி இந்த ஒரு திட்டத்திலேயே கரைந்துவிடும் என்பது என் கணிப்பு.

இனி முதலாமவர். நுழைவுநிலையான பிரவேஷ் முடித்து, பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் ஏறி, ஆளுநர் கையெழுத்துள்ள ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே ராஷ்டிரபதி விருது. ஒவ்வொரு படிக்கும் நடுவே குறைந்தபட்ச மாத இடைவெளி விதித்திருக்கிறார்கள், மேலே வயது வரம்பும் இருக்கிறது. அவர் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரயில்வே ஆட்சேர்ப்பில் சாரணர் ஒதுக்கீடு இருக்கிறது. ராஷ்டிரபதி விருதோ, தலைவர்களுக்கான உயர்பயிற்சித் தகுதியான இமாலய உட் பேட்ஜோ இருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும், தொடர்ந்து இயக்கத்தில் செயல்பட்டதற்கான சான்றும் கேட்பார்கள். கேரேஜ் ஒர்க்ஸ், ஐ.சி.எஃப். என்ற ரயில்வே தொழிற்சாலைகளின் சுற்றுவட்டாரத்தில் இதை அறியாத பெற்றோர் இல்லை. ஒரு குடும்பத்துக்கு நிரந்தர வேலை என்பது சின்ன விஷயமா? "விருதுக்காக வருகிறான்" என்று பையனை இளக்காரமாகப் பேசுபவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் அவசரம் பதிவேட்டில் எங்கே தலைகாட்டும் என்று எனக்குத் தெரியும். ஒரே நாளில் ஒரே பேனாவால் ஆறு தேர்வுகளுக்குப் போட்ட கையெழுத்து, பள்ளித் தேர்வு நாளில் நடந்ததாக எழுதிய நடைப்பயணம், இன்னொருவன் குறிப்பேட்டிலிருந்து வரி மாறாமல் எழுதிய முகாம் அறிக்கை. விருதுக்கு முன் நடக்கும் சோதனை முகாமில் ஐந்து நிமிடத்தில் இது வெளிவரும். அங்கே தப்பினாலும் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால் போவது பையனின் வேலை. கையெழுத்துப் போட்டவருக்கு ஒன்றும் ஆகாது. அவசரக்காரருக்கு இந்த ஒரு வாதம் போதும், அறவுரை வேண்டாம்.

தேர்வு என்றால் என்ன என்பதிலும் குழப்பம் இருக்கிறது. முதலுதவியில் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவன், கிரிக்கெட் பந்து பட்டு நண்பனுக்கு மூக்கில் ரத்தம் வந்ததும் அவன் தலையைப் பின்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தான்: உட்காரவைத்து, தலையை முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும், வாயால் மூச்சுவிடச் சொல்ல வேண்டும். கைக்கு அது போகவே இல்லை. இதற்கு நேர்மாறாக, காசிமேட்டிலிருந்து வந்த ஒருவன் போலைன் முடிச்சை முதுகுக்குப் பின்னால் ஒற்றைக் கையால் போடுவான். "இதன் பெயர் என்ன?" என்றால் விழிப்பான். அவன் வீட்டில் படகு கட்டுகிற முடிச்சு என்றுதான் அதற்குப் பெயர். இவர்களில் ஒருவனைத் தேர்ச்சி என்றும் ஒருவனைத் தோல்வி என்றும் எழுதச் சொன்னார்கள் என்றால் என் கையெழுத்து யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது, பாடத்திட்டத்தில் உள்ள அளவைக் குறைக்கவும் கூட்டவும் நமக்கு அதிகாரம் இல்லை என்பது. "என் குழுவில் தரம் அதிகம்" என்று இல்லாத தேர்வைப் புகுத்துகிற ஆசிரியர்களும் தவறுதான் செய்கிறார்கள். உறுதியில்லாதது, முயன்றும் வராத பையனை எந்த அளவுக்குத் தேர்ச்சி என்று விட்டுவிடலாம் என்பது. திறமைச் சின்னம் ஊக்கம் கொடுக்கத்தான், சிறுவன் எவ்வளவு முயன்றான் என்பதே அளவுகோல் என்றார் பேடன் பவல். பாட்டு, தோட்டம், கைவினை போன்றவற்றுக்கு அதை அப்படியே ஏற்கிறேன். இன்னொருவர் உயிர் நம்பியிருக்கும் முதலுதவிக்கும் நீச்சலுக்கும் ஏற்க மாட்டேன். அங்கே செய்ய முடிந்தால்தான் கையெழுத்து, இல்லையென்றால் அடுத்த மாதம் திரும்ப வரட்டும். அனுபவசாலிகள் பலர் இதில் என்னோடு உடன்படுவதில்லை. இரு பக்கத்தையும் கேட்டுவிட்டு நீங்களே முடிவெடுங்கள்.

நீங்கள் புதியவர், மூவருமே உங்களைவிட மூத்தவர்கள், எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருக்கும். கூட்டத்தில் வாதாட வேண்டாம். பெற்றோர் பட்டியலை நீங்களே எழுதி ஒட்டுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். நீங்கள் கண்ணால் பார்த்த தேர்வுக்கு மட்டும், பார்த்த தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "சார் போடச் சொன்னார்" என்று பையன் பதிவேட்டை நீட்டினால், "செய்துகாட்டு, போடுகிறேன்" என்று சொல்லுங்கள். இரண்டாவது பெரியவர் இல்லாமல் வேன் கிளம்பும் நிலை வந்தால் மட்டும் தயங்காமல் எல்லோர் முன்னும் மறுத்துவிடுங்கள், அன்று ஏற்படும் மனக்கசப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைத் தலைவர் பயிற்சியை இன்னும் முடிக்கவில்லை என்றால் அடுத்து அறிவிக்கும்போது பெயர் கொடுத்துவிடுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பையன்களின் பதிவேடுகளைச் சோதனை முகாமுக்கு வெகு முன்பே மாவட்டச் செயலரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். எந்தப் பையனுக்கு வயதும் மாத இடைவெளியும் ஒத்துவருகின்றன, யாருக்கு வரவில்லை என்று அவர் தேதிகளைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒத்துவராதவர்களுக்கு ரோவர் பிரிவிலும் ராஷ்டிரபதி விருது இருக்கிறது என்பதை அந்தப் பையன்களின் வீட்டில் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.